இடம் விட்டு எழுதுதல்

இந்தப் பக்கமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா, அம்மா? அந்த நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி ஓடுகிறது; எனக்கு அது ஆகாது. நீங்கள் என் வலப்பக்கத்தில் இருந்தால் பேச வசதியாக இருக்கும். நன்றி.

நீங்களும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கத்தான் வந்திருக்கிறீர்கள். கொழுப்பா? தலையசைத்தீர்கள், அப்படியானால் நேற்று மாலையோடு வாயைக் கட்டியிருப்பீர்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காபி குடித்துவிட்டு வந்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. சென்ற முறை ஒருவர் அப்படிச் சொன்னார். மீசையில் நுரை இருந்தது. உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்? இரண்டு. நல்லது. இருவரும் வெளியூரில் இருப்பார்கள். இந்தக் காலத்தில் எல்லாருடைய பிள்ளைகளும் அப்படித்தான்.

எனக்கு இங்கே இது மூன்றாவது முறை. முதல் முறை மொத்தக் கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. மூன்று மாதம் கழித்து இருநூற்று நாற்பத்து மூன்று. இன்று இருநூற்றுக்குக் கீழே வர வேண்டும். வந்தால் நாகர்கோவிலில் இருக்கும் ஒருத்திக்கு நான் தொலைபேசி செய்வேன். வராவிட்டால் செய்யமாட்டேன். ஏழு மாதமாக அவளோடு பேச்சில்லை. கொழுப்புக்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆறு மணிக்குத் திறந்தார்கள், எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கிறார்கள், நேரம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் பெயர் திரிபுரசுந்தரி.

நான் சட்டப்பேரவையில் நிருபராக இருந்தேன். செய்தித்தாள் நிருபர் அல்ல. உறுப்பினர்கள் பேசப் பேச நடு மேசையில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுப்பவர்களுக்கும் நிருபர் என்றுதான் பெயர். நாளிதழில் வருவது மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். நாங்கள் எழுதுவது நூலகத்துக்குப் போகும். முப்பத்து நான்கு ஆண்டுகள். நான் பேசுவது புத்தகம் போல இருக்கிறது என்று குடியிருப்பில் சொல்வார்கள். பிறர் பாதியில் விட்ட வாக்கியங்களுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தே பழகியவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

அந்த மேசையில் என்னோடு உட்கார்ந்தவள்தான் லீலாபாய். நாகர்கோவில்காரி. ஒருவர் பத்து நிமிடம் எழுதினால் அடுத்தவர் வந்து தொடர வேண்டும். இடையில் ஒரு சொல்லும் கீழே விழக்கூடாது. அதற்கு எங்கள் இருவருக்குள்ளும் ஒரு வழக்கம் இருந்தது. அவள் ஓசைப்படாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்வாள், எழுதத் தொடங்குவாள், ஒரு வரி இருவரும் சேர்ந்தே எழுதுவோம், பிறகு இடக்கையால் என் முழங்கையை ஒரு முறை தொடுவாள். நான் பிடித்துக்கொண்டேன், நீ விடலாம் என்று அதற்குப் பொருள். நிமிர்ந்து பார்க்காமலே எழுந்து போய்விடுவேன். முப்பத்து நான்கு ஆண்டில் அந்தத் தொடுகை ஒரு நாளும் பிசகியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் கதை நிற்காது. அவையில் பேசுகிறவரைப் பார்த்து, ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்க முடியாது. கூச்சலில் ஒரு சொல் விட்டுப்போனால் அந்த அளவுக்கு இடம் விட்டு எழுதிக்கொண்டே போக வேண்டும். அறைக்குத் திரும்பியதும் முன்னும் பின்னும் பார்த்து, பொருளைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டும். இதில் எனக்குப் பெயர் உண்டு. சுந்தரி நிரப்பினால் பேசியவருக்கே தான் அதைத்தான் பேசினேன் என்று தோன்றும் என்பார் எங்கள் தலைமை நிருபர். பாராட்டாகத்தான் சொன்னார்.

என் கையைத் தொட்டீர்கள். பரவாயில்லை, அம்மா, நான் வருந்தவில்லை. நிகழ்ந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் லீலா தன் அண்ணன் சாமுவேலோடு இருக்க நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள். நான் இங்கே குரோம்பேட்டையில். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை, அவளும்தான், அது வேறு கதை, அதை இங்கே சொல்லப்போவதில்லை. கை துருப்பிடிக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நாள்தோறும் காலை ஆறரைக்கு அவள் என்னை அழைப்பாள். நாளிதழின் தலையங்கத்தை ஐந்து நிமிடம் அவள் வாசிக்க, நான் எழுதுவேன். எழுதியதை அவளுக்குத் திருப்பி வாசிப்பேன். பிறகு நான் வாசிக்க அவள் எழுதுவாள். ஊர்க்கதை அதற்குப் பிறகுதான். பதினோரு ஆண்டு. சுனாமி எச்சரிக்கை வந்த நாளில்கூட வாசித்தோம். அவள் அன்று கொஞ்சம் வேகமாக வாசித்தாள்.

மாதம் ஒரு முறை எனக்கு நேந்திரங்காய் வற்றல் அனுப்புவாள். தேங்காய் எண்ணெயில் பொரித்தது, ஒரு கிலோ. என் இரத்தத்தில் இருக்கும் கொழுப்பில் பாதிக்கு அவள்தான் பொறுப்பு. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடந்த இரண்டு ஆண்டாக அவள் வாசிப்பு கெட்டுப்போயிற்று. பல் கட்டியிருந்தாள், சொற்களின் விளிம்பு மழுங்கிவிட்டது. என் நோட்டில் வரிக்கு ஓர் இடைவெளி விழத் தொடங்கியது; பிறகு வரிக்கு இரண்டு. நான் சொல்லிக்காட்டவில்லை. நிரப்பிக்கொண்டேன். தலையங்கத்தை நிரப்புவது ஒரு பெரிய வித்தையா? முதல் வரியைக் கேட்டால் கடைசி வரி தெரிந்துவிடும். அரசு இதில் உடனே கவனம் செலுத்த வேண்டும். அவள் மட்டும் அல்ல, எல்லாருமே அப்படி ஆகிவிட்டார்கள். வானொலியில் செய்தி வாசிப்பவர்கள், பால்காரர், வங்கியில் இருக்கும் பெண், எல்லாரும் வாயைத் திறக்காமல் பேசுகிறார்கள். இங்கே இந்தப் பெண்ணையே பாருங்கள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு கூப்பிடுகிறாள். உதடு தெரியாவிட்டால் யாருக்குத்தான் விளங்கும்?

சுருக்கெழுத்தில் மெய்யைக் கோடாக இழுப்போம். உயிரைப் புள்ளியாக வைப்போம். அவசரத்தில் புள்ளியை விட்டுவிடுவோம். இப்போது எனக்கு நேர்மாறாக வந்து சேர்கிறது. உயிர் நன்றாகக் கேட்கிறது. மெய்தான் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

சரி. மார்கழியில் ஒரு காலை. அவள் அழைத்தாள், நான் நோட்டைப் பிரித்தேன், வாசித்தாள். அணைகளைத் தூர்வாருவது பற்றிய தலையங்கம். ஐந்து நிமிடம் எழுதினேன். இடைவெளிகளை நிரப்பி நிறுத்தி நிதானமாகத் திருப்பி வாசித்தேன். நல்ல தமிழ், மழைநீர், மதகு, மெத்தனம் எல்லாம் ஒழுங்காக வந்தன. வாசித்து முடித்தேன். பிறகு அவள் வாயைக் கருவியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேசினாள். அது மட்டும் எனக்கு எழுத்துப் பிசகாமல் கேட்டது.

"ஏட்டி சுந்தரி, நான் ரெண்டாம் வரியோட பேப்பரை மடக்கி வச்சிட்டேன். பொறவு நாலு நிமிசம் நான் பேசினது வேற."

என்ன பேசினாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். முப்பத்து நான்கு ஆண்டு யாரிடமும் கேட்காதவள் நான். கேட்கவில்லை. எனக்குத் தேர்வு வைக்கிறாயா என்று கேட்டேன். அவள் இன்னொன்றும் சொன்னாள்: "காதைக் கொண்டு போய்க் காட்டுட்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்." நான் கருவியை வைத்துவிட்டேன்.

அந்த நான்கு நிமிடத்தில் அவள் என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஏதாவது பிதற்றியிருப்பாள், காய்கறிப் பட்டியல் வாசித்திருப்பாள், என்னைச் சோதிக்க. அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன், இதோ. எவ்வளவு இடைவெளி இருக்கிறது பாருங்கள். சல்லடை போல இருக்கிறது. இதை வைத்துக்கொண்டா அணையைத் தூர்வாரினேன் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது.

ஆமாம், அந்தக் கவுன்ட்டர் பெண்தான். நீங்கள் கை காட்டுவது தெரிகிறது. நல்ல பெண், ஊசி குத்துவது தெரியாமல் குத்துவாள். நம் முறை வரும், பொறுங்கள்.

தொலைபேசியை வைத்தவள் நான்தான். ஆனால் மறுபடி அழைக்க வேண்டியவள் அவள் அல்லவா? சோதனை வைத்தவள் அவள். அந்த மாதம் ஒரு கடிதம் வந்தது. கூடவே வற்றல் பொட்டலம். இரண்டையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் இன்னொரு கடிதம். அதையும். பிழை செய்தது வாயால், வாயால் வரட்டும். எழுதித் தப்பிக்க நான் விடமாட்டேன். வழக்கம் போலக் காலை ஆறரைக்கு அழைக்கட்டும், எடுக்கிறேன் என்று இருந்தேன். இங்கே வந்த நாள் நீங்கலாக, நாள்தோறும் ஆறரைக்குத் தொலைபேசிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வானொலியை முழு ஒலியில் வைத்துச் செய்தியை எழுதிக்கொண்டே காத்திருப்பேன். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் அழைக்கவில்லை.

பதினான்கு நோட்டுப் புத்தகம் நிரம்பியிருக்கிறது. எல்லாம் வானொலிச் செய்தி. திருப்பி வாசிக்க ஆள் இல்லை. எழுதியதை யாருக்காவது வாசித்துக்காட்டாவிட்டால் அது சரியா பிழையா என்று யார் சொல்வது? சுவருக்கு வாசித்துப் பார்த்தேன், ஒரு நாள். நன்றாக இல்லை.

மாடி வீட்டில் நிவேதா என்று ஒரு பெண் இருக்கிறாள், வேலைக்குப் போகிறவள். பங்குனி மாதம் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏதோ முணுமுணுத்தாள். கையைக் காதில் வைத்துத் தொலைபேசி போலக் காட்டினாள், மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள், என் வீட்டுக்குள்ளே விரல் நீட்டினாள். அவர்கள் வீட்டுத் தொலைபேசி காலையில் வேலை செய்யவில்லை, என்னுடையதிலிருந்து பேச வேண்டும் என்கிறாள். உள்ளே வந்து தாராளமாகப் பேசு என்றேன்; லைன்மேன் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தச் சீட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு உதவியை வாங்கிக்கொள்ளவும் தெரியவில்லை.

காதைக் காட்டினேன். அவள் சொன்னதற்காக அல்ல. அவள் பல்தான் காரணம், என் காது அல்ல என்று ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்ப எண்ணினேன். டாக்டர் சமீனா என்று ஒருவர், சிறு வயது, ஆனால் பொறுப்பானவர். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துக் காதில் ஒலி விட்டார்கள். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் ஒலியே விடாமல் என்னைச் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கோடு பாதி வரை நேராக வந்து, பிறகு மலைச்சரிவு போல விழுகிறது.

அதற்குப் பிறகுதான் இரத்தம் பார்க்கச் சொன்னார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று என்று வந்தது. படம் போட்டே விளக்கினார். காதின் உள்ளே நத்தைக்கூடு போல ஒன்று இருக்கிறது. கேட்கும் நரம்பு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு இரத்தம் போவது முடியளவு குழாய் ஒன்றில். அது அடைபட்டால் மாற்றுப் பாதை கிடையாது. இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களிடம் செவிக்குறைவும் கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம். தொடர்பு இருக்கிறது என்றார். அதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. வயதும் ஒரு கணக்கு என்றார். அவர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு வந்தது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்று எத்தனை பேருக்குத் தெரிகிறது?

அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தேன். கடைசி வாக்கியத்தில்தான் ஓர் இடைவெளி விழுந்தது. அவர் அப்போது குனிந்து மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "கொழுப்பு குறைந்தாலும்" என்றோ "குறைந்தால்" என்றோ தொடங்கினார், பிறகு "காது" என்றார், பிறகு இடைவெளி. வீட்டுக்கு வந்து நிரப்பினேன். கொழுப்பு குறைந்தால் காது திரும்பும். பொருள் அப்படித்தானே ஓடுகிறது? காதில் ஒரு கருவி மாட்டிக்கொள்ளச் சொல்லித் தனிச் சீட்டும் கொடுத்தார். அது எதற்கு? திரும்பப்போகிற ஒன்றுக்கு யாராவது கருவி வாங்குவார்களா?

அன்று முதல் நெய் இல்லை, தேங்காய் இல்லை, பொரித்தது எதுவும் இல்லை. ஓட்ஸ் கஞ்சி. அது ஓர் உணவா என்று கேட்காதீர்கள். இரவு ஒரு மாத்திரை. மாலையில் நாற்பது நிமிடம் நடை. மாம்பலத்தில் ஒரு திருமணத்தில் இலையில் வைத்த வடையைப் பக்கத்து இலைக்காரருக்குக் கொடுத்தேன்; அவர் அதற்குள் என் பாயசத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்று நாற்பத்து மூன்றுக்கு வந்தேன். காது இன்னும் திரும்பத் தொடங்கவில்லைதான். இருநூற்றுக்குக் கீழே போனால்தான் தொடங்கும் போலும். எண் வந்ததும் அவளை அழைப்பேன். வாசி என்பேன். எதை வேண்டுமானாலும் வாசி, பேப்பரை மடக்கிக்கூட வைத்துக்கொள், நான் எழுதிக் காட்டுகிறேன். அந்த நான்கு நிமிடத்தையும் மறுபடி சொல் என்பேன். அதை மட்டும் எழுதிவிட்டால்

யார் அது?

நீங்களா. என் முழங்கையை யாரும் தொடுவதில்லை, அதனால் திடுக்கிட்டேன். என் பேனா வேண்டுமா? இந்தாருங்கள். நோட்டிலேயே எழுதுங்கள். கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன்.

"உங்க பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. நானும் மூணு தடவை சொன்னேன்."

எப்போது?

கையைத் தொட்டது அதற்கா. கவுன்ட்டரைக் காட்டியதும் அதற்கா.

எனக்கு முன்னால் இருந்த நால்வரும் எங்கே? போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள்கூடப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாஸ்க் அசைகிறது. இப்போது பேசிக்கொண்டிருக்கிறாளா? எனக்கு மின்விசிறி மட்டும்தான் கேட்கிறது.

நான் ஒன்று கேட்கிறேன், எழுதுங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேனே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"பிள்ளைங்க இல்லை. வீட்டுக்காரரும் தவறிட்டார். தனியாத்தான் இருக்கேன்."

இரண்டு என்று நிரப்பிக்கொண்டேன். மன்னிக்க வேண்டும், அம்மா. அந்த மன்னிப்பை நான் முறையாகத்தான் கேட்கிறேன்.

பேசிக்கொண்டே இருப்பவளுக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எழுதாமல் விட்ட சொல் அது.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், அடுத்தவரை எடுத்துக்கொள்ளட்டும். இரத்தம் எங்கும் போகாது. எண் மாலையில் வரும், வருவது வரட்டும். டாக்டர் சமீனாவிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியே வாங்கிக்கொள்கிறேன். "திரும்பும்" என்பதை அடித்துவிட்டேன். பாருங்கள், இடம் இடமாகவே இருக்கிறது.

உங்களிடம் கைப்பேசி இருக்கிறதல்லவா? இதோ இந்த எண். நாகர்கோவில். லீலாபாய் என்று கேளுங்கள். சுந்தரி பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். மார்கழி மாதத்தில் அந்த நான்கு நிமிடம் நீ என்ன சொன்னாய் என்று சுந்தரி கேட்கிறாள் என்று சொல்லுங்கள். ஆமாம், கேட்கிறாள் என்றே சொல்லுங்கள். அவள் சொல்வதை அப்படியே இந்த நோட்டில் எழுதுங்கள். வேகமாகப் பேசுவாள், அழுதாலும் அழுவாள், ஏதாவது விட்டுப்போகும். விட்டுப்போனால் நீங்களாக நிரப்பாதீர்கள். இடம் விடுங்கள். நான் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணைப் போட்டுவிட்டீர்களா? ஏன் இறக்கிவிட்டீர்கள்? எழுதுங்கள்.

"லைன் பிஸி. யாருக்கோ போன் பண்ணிட்டிருக்காங்க."

இந்த வேளையில் அவள் யாரை அழைக்கப்போகிறாள்? சாமுவேல் அண்ணனும் வீட்டில்தான் இருப்பார். அந்தக் கடிகாரத்தில் மணி என்ன, எனக்குத் தொலைவு தெரியவில்லை.

"ஆறு முப்பத்திரண்டு."

நிவேதா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். கையைக் காதில் வைத்தாள். என் வீட்டுக்குள்ளே விரல் நீட்டினாள். உள்ளே வானொலி முழு ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் லைன்மேன் எண்ணைக் கொடுத்தேன்.

வேண்டாம். நான் நிரப்பமாட்டேன். இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், அம்மா. எடுத்ததும் என் முழங்கையைத் தொடுங்கள்.